வால்டரைத் தோற்கடித்த கதை

பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே கெனத் ஒரு மகா சங்கல்பம் செய்துகொண்டார். இனி ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. காலமெல்லாம் உட்கார்ந்தே சம்பாதித்த மனுஷனுக்கு உட்காருவதில் இன்னும் என்ன ஆசை என்று ஹாலிஃபாக்ஸ் ஊரே கேட்டது. அது ஊருக்காக உட்கார்ந்தது, இது எனக்காக என்றார் கெனத்.

சங்கல்பம் ஒரு மாதம் தாங்கியது. பிறகு மனைவி டாரீன் ஒரு நாய்க்குட்டியோடு வந்து நின்றாள்.

"பார்வை இல்லாதவங்களுக்கு வழி காட்டப்போற நாய், கண்ணு. ஒரு வயசு வரைக்கும் நாம வளர்த்துக் குடுக்கணும். நம்ம பேரை எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேனே. நீ நாற்காலியில குறட்டை விட்டுக்கிட்டிருந்த. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."

"இதுக்கு என்ன பேரு?"

"வால்டர்."

கெனத் குட்டியை ஏற இறங்கப் பார்த்தார். டிப்போவில் அவரை ஆட்டிப்படைத்த மேலாளரின் பேர் வால்டர். மாற்றலாம் என்றால் அதுவும் முடியாதாம். குட்டி பிறந்த இடத்திலேயே வைத்த பேராம்.

குட்டி கையளவுதான். கூடவே வந்த சட்டதிட்டங்கள் வண்டி கொள்ளாது. விசில் ஊதினால்தான் வால்டர் சாப்பிடலாம். மனுஷர் சாப்பாட்டில் ஒரு துணுக்குகூட அவன் வாயில் படக்கூடாது. சோபா, கட்டில், நாற்காலி எதிலும் ஏறக்கூடாது. ஒன்றுக்குப் போவதுகூட ஆணைப்படிதான். கொட்டுகிற மழையில் வேலியோரம் நின்று கெனத் "பிஸி, பிஸி" என்று சொல்ல வேண்டும். அதுதான் ஆணை. சொன்னதும் குட்டி வேலையை முடிக்க வேண்டும். அது முடிக்காது. அண்ணாந்து மழையை வேடிக்கை பார்க்கும்.

பக்கத்து வீட்டு மேவிஸ் ஜன்னலைத் திறந்தாள். "ஏன் கெனத், வேலை வெட்டி இல்லாத ஆளு எதுக்கு இப்படி பிஸி பிஸின்னு கத்தறே?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் வால்டருக்கு அந்த வீட்டில் உட்கார வேறு இடமே கிடைக்கவில்லை. கெனத் எழுந்த மறுநொடி அவன் நாற்காலியில் இருப்பான். நாய்ப் பயிற்சி நிலையத்திலிருந்து மாதாமாதம் வந்து பார்த்துப் போகும் ஃபிலிப்பா இதைக் கவனித்துவிட்டாள். நாற்காலி தோட்டத்துக் கொட்டகைக்குப் போனது. கெனத் சமையலறை ஸ்டூலுக்குப் போனார்.

"தப்பு பண்ணினது நாய். நாற்காலிக்கு எதுக்கு தண்டனை?"

"வால்டருக்கு எதிர்காலம் இருக்கு, கண்ணு. நாற்காலிக்கு என்ன இருக்கு?"

"நான் இருந்தேன்."

நாய் போனால்தான் நாற்காலி வரும் என்பது கெனத்துக்கு விளங்கிவிட்டது. ஒரு வருஷம் ஸ்டூலில் காத்திருக்க அவர் முதுகு ஒப்பவில்லை. அடுத்த முறை ஃபிலிப்பா வந்தபோது ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார்.

"ஒரு பேச்சுக்குக் கேட்கறேன். இவன் தேறலைன்னா?"

"கண்டதைப் பிடுங்கித் தின்கிற பழக்கம் வந்துட்டா பயிற்சியில இருந்து எடுத்துடுவோம். எடுத்துட்டு..."

'எடுத்துடுவோம்' என்பதே கெனத்துக்குப் போதுமானதாக இருந்தது. மீதிக்கு நிற்காமல் டீ போட எழுந்துவிட்டார். டாரீன் மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே திட்டம் தொடங்கியது. டாக்டர் கெனத்துக்கு அனுமதித்தது ஒரே ஒரு பன்றிக்கறி சாசேஜ். அன்றைக்குத் தட்டில் மூன்று இருந்தன.

"டாக்டர் ஒண்ணுதானே சொன்னாரு?"

"டாக்டருக்கு என்ன தெரியும். நீ இளைச்சுப் போயிட்ட." டாரீன் திரும்பி நின்று, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

இந்த வயசில் மனைவிக்கு அன்பு பொங்குகிறதே என்று கெனத்துக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. ஒன்றைத் தான் தின்றார். இரண்டு மேஜைக்கு அடியில் போயின. தினமும் போயின. வால்டருக்கு விசிலாவது மண்ணாவது.

சோதனை நாள் வந்தது. ஃபிலிப்பா வால்டருக்கு நீலச் சட்டை மாட்டிச் சந்தைக்கு நடத்திப் போனாள். கணவனும் மனைவியும் பின்னால் போனார்கள். பஸ் உறுமியது, புறா பறந்தது, குழந்தை வீறிட்டது. வால்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேறித் தொலைத்துவிடுவானோ என்று கெனத்துக்கு வியர்த்தது. கறிக்கடை முன்னால் பெஞ்சில் ஒரு பெரியவர் சாசேஜ் பப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார். அவருக்குக் கடிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபிலிப்பா தலையைத் தொங்கப் போட்டாள். "வருத்தமா இருக்கு. வால்டரை எடுத்துடறோம்."

கெனத் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு நாயின் வாரை நீட்டினார். "கூட்டிட்டுப் போங்க. சட்டம்னா சட்டம்தானே."

"எங்க கூட்டிட்டுப் போறது? தேறாத நாயை வளர்த்தவங்களுக்குத்தான் முதல்ல குடுப்போம். அன்னைக்கே சொன்னேனே. அப்படின்னா எங்களுக்குத்தான்னு உங்க வீட்டம்மாவும் அன்னைக்கே சொல்லிட்டாங்களே."

டாரீன் தரையில் உட்கார்ந்து வால்டரைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தனையும் ஆனந்தக் கண்ணீர்.

"இவனைப் பிரிஞ்சு என்னால இருக்க முடியாது, கெனத். என் கையால கெடுக்கவும் மனசு வரல."

"அதனால?"

"அதனால சாசேஜ் மட்டும் வாங்கினேன். உனக்குன்னா நினைச்ச?"

 அப்போதுதான் ஒரு நல்ல சேதி கெனத்துக்கு உறைத்தது. "இனி இவன் வெறும் வீட்டு நாய். சட்டம் கிடையாது. என் நாற்காலியைக் கொண்டுவரேன்."

"அவசரப்படாதே. ஒரு பார்வை இல்லாதவருக்குப் போகவேண்டிய நாயைக் கெடுத்துட்ட."

"நானா?"

"யார் கையில இருந்து போச்சு? அவருக்கு நாம ஒரு நாய் குடுத்தே ஆகணும். வியாழக்கிழமை இன்னொரு குட்டி வருது."

"திருட்டு மட்டும் எங்க கத்துக்கிட்டான்னு தெரியல," என்றாள் ஃபிலிப்பா. "மத்தபடி அருமையா வளர்த்திருக்கீங்க. அதுவும் மழையில சார் காட்டற பொறுமை வேற யாருக்கும் வராது."

வியாழக்கிழமை நல்ல மழை. கெனத் கோட்டை மாட்டிக்கொண்டு புதுக் குட்டியோடு வேலியோரம் நின்று "பிஸி, பிஸி" என்றார். கொட்டகைக்குள்ளே, அவருடைய நாற்காலியில் சாய்ந்தபடி, வால்டர் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான்.