கடைசி ஆள் குறுக்கு வழியில் போனால்

எனக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம் வரும். போன் அடித்தாலும் வரும், அடிக்காவிட்டாலும் வரும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் பதறாமல், சொந்தப் புத்தியில், தைரியமாக ஒரு காரியம் செய்தேன். அந்த நாளைத்தான் எங்கள் குடும்பம் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறது.

அப்போது என் மகளுக்கு ஒரு வரன் கூடிவந்திருந்தது. பையனுக்கு அவளைப் பிடித்துவிட்டது, அவளுக்கும் அவனை. மிச்சம் இருந்தது பையனின் அம்மா ராஜேஸ்வரியம்மாள் மட்டும்தான். பழனியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குடத்தைத் தட்டிப் பார்த்தே கீறல் எங்கே என்று சொல்லிவிடுவாராம். (நான் பதற இது போதாதா?) "ரெண்டு நாள் உங்க வீட்டுல வந்து இருந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று கொடைக்கானலுக்கே வந்துவிட்டார்.

"பேசாம ஏரியில படகு ஏத்திக் காட்டிட்டுக் கூட்டியா" என்றார் என் கணவர். கேட்டேனா? நான் சேர்ந்திருந்த நடைக் குழுவுக்கு அவரை அழைத்துப் போனேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, இருபது பேர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடப்போம். அங்கே கோயிலைப் பார்த்து, கட்டுச்சோறு சாப்பிட்டு, வேனில் திரும்புவோம். அதில் எனக்கு ஒரு பதவி உண்டு. கடைசி ஆள். பச்சைக் கோட்டும் விசிலும் கொடுத்திருந்தார்கள். யாரையும் விட்டுவிடாமல் கூட்டத்துக்குப் பின்னால் வர வேண்டும். (குழுவிலேயே மெதுவாக நடப்பவள் என்பதால் கிடைத்த பதவி. ராஜேஸ்வரியம்மாளிடம் 'முக்கியமான பொறுப்பு' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.)

எங்கள் தலைவர் பீட்டர் சார் ஒரு விதி வைத்திருந்தார். பாதை பிரிகிற இடத்தில், தன் பின்னால் வருகிறவரை நிறுத்திவிட்டுப் போவார். நிற்பவர் மற்றவர்களுக்கு வழிகாட்டிவிட்டு, கடைசி ஆள் வந்ததும் அவரோடு சேர்ந்து வர வேண்டும். அதுவரை அசையக் கூடாது.

அன்றைக்குப் பூண்டியிலிருந்து கவுஞ்சிக்கு நடை. ராஜேஸ்வரியம்மாள் கேன்வாஸ் ஷூ போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பீட்டர் சாருக்குச் சமமாக முன்னால் போய்விட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால், தன்னந்தனியாக. பூண்டுத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"கவுஞ்சிக்கா போறீங்கக்கா? அந்த வழி சுத்துல்ல! இப்படித் தோட்டத்துக்குள்ள எறங்கிப் போங்க, வெரசாப் போயிரலாம்."

என்ன ஆனதோ எனக்கு. வருங்காலச் சம்பந்தியின் முன்னால் கடைசியில் போய்த் தள்ளாடி நிற்காமல், ஒருமுறையாவது மிடுக்காகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை. இறங்கிவிட்டேன்.

கூட்டம் போய்ச் சேர்ந்த சற்று நேரத்திலேயே நானும் கவுஞ்சியில் இருந்தேன். என் பச்சைக் கோட்டைப் பார்த்ததும் பீட்டர் சார், "வெரி குட்! வசந்தாம்மா வந்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு" என்று கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். (அட கூறுகெட்டவளே!)

புளியோதரைப் பொட்டலம் இரண்டை எடுத்துக்கொண்டு ராஜேஸ்வரியம்மாளைத் தேடினேன். கோயில் வாசலில் இல்லை. குழாயடியில் இல்லை. வேனில் இல்லை. பொட்டலமும் கையுமாகப் பீட்டர் சாரிடம் போனேன்.

"சார், பழனிக்காரம்மா எங்க?"

"பூண்டிப் பக்கம், காட்டுப் பிரிவுல நிப்பாட்டிட்டு வந்தேனே. நீங்கதான லாஸ்ட் பெர்சன்? கூட்டிட்டு வரலையா?"

அய்யோ! பிரிவில் போன் எடுக்காது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் காட்டுமாடு வேறு திரியும். ஓடினேன். நடக்கவே தெரியாதவள் ஓடினேன். பீட்டர் சார் பின்னால் கத்திக்கொண்டே வந்தார். வழியெல்லாம் மனதுக்குள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாமியாரை மாடு முட்டிருச்சு, வேற பையன் பாக்கலாம்" என்று எந்தத் தாய் பெற்ற மகளிடம் சொல்வாள்? அழுகையே வந்துவிட்டது.

பிரிவில் ராஜேஸ்வரியம்மாள் நின்றுகொண்டிருந்தார். குடையை ஊன்றி, நிறுத்திய இடத்திலேயே. ஒன்றரை மணி நேரமாக.

"காட்டுமாடுகூட வந்துட்டுப் போயிருச்சு. நீங்கதான் வரல" என்றார்.

"மன்னிச்சிருங்கக்கா, வாங்க போவோம்" என்று கையைப் பிடித்தேன். அசையவில்லை.

"கடைசி ஆளு பின்னாடியிருந்துல்ல வரணும்? நீங்க முன்னாடியிருந்து வாறீங்க?"

பீட்டர் சாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். என்ன செய்ய? பூண்டிப் பக்கமாக ஐம்பதடி நடந்து போய், திரும்பி, விசில் ஊதிக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் குடையைத் தூக்கினார்.

திரும்பும் வழியில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு கட்டினேன். கவுஞ்சி தெரிகிற மேட்டில் நின்றார்.

"ஒன்னு கேக்கேன், உண்மையச் சொல்லணும். ஒங்க பொண்ணு ஒங்கள மாதிரியா?"

"அய்யய்யோ, இல்லக்கா! அப்படியே அவங்க அப்பா மாதிரி. சொன்ன சொல் தட்ட மாட்டா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பச் சரி. நடங்க மதினி."

உறவுமுறை வைத்து மதினி என்றாரே! அந்த மேட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். புளியோதரையை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம்.

கல்யாணமாகி வருடங்கள் ஆகிவிட்டன. போன வாரம் சம்பந்தியம்மாள் போன் செய்தார். என் மகள் குறுக்கு வழியில் போகிறேன் என்று ஸ்கூட்டரை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டாளாம். அடி ஒன்றுமில்லை, சேறு மட்டும்தான்.

"மதினி, இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க. இவ யாரு மாதிரி?"

"அவங்க அப்பா மாதிரிதான்" என்றேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் பேப்பரைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.