விட்பி வீட்டுக்கு நல்ல நேரம்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் புதுவீடு வாங்கிய இராசதுரை, பால் காய்ச்ச நேரம் கேட்டதுதான் பிழை. மல்வேர்ன் வாடகை வீட்டைக் காலையிலேயே ஒப்படைத்தாயிற்று. சாமான் லொறி வாசலில் நிற்கிறது. மார்ச் மாதம், கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிய கிழமை, ஆனாலும் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அவரும் மனைவி நாகமணியும் காருக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் கனதியானது. யாழ்ப்பாணப் பஞ்சாங்கம் இப்போது சுபவேளை என்றது. ரொறன்ரோவுக்கென்று கணித்த பஞ்சாங்கம் இராகுகாலம் என்றது. ஆகவே ஸ்காபரோ சுபநேர நிர்ணய சபை, தனக்கு அளிக்கப்பட்ட சகல அதிகாரங்களுடனும் வந்து இறங்கியது.

தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார். "சபை கூடித்தான் தீர்மானிக்கவேணும்."

"அப்ப கூடுங்கோவன் அண்ணை!"

"இந்தக் குளிருக்கையோ? உள்ளுக்கை இருந்து கூடுறம்."

இராசதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நேரம் தெரியாமல் உள்ளுக்கை போகலாமோ?"

"சபைக்குத் தோஷம் இல்லைத் தம்பி. எங்கடை யாப்புச் சட்டத்திலை கிடக்கு. வீட்டுக்காரருக்குத்தான் ஒட்டும்."

அட, நல்ல நியாயம்! உறுப்பினர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். லொறிக்கார மரியோ சோபாவைத் தூக்கினான். சோபாவுக்கு நட்சத்திரம் கிடையாது என்று சபை அதற்கும் அனுமதி வழங்கியது. கொஞ்ச நேரத்தில் ஹீற்றர் ஓடியது. பால் காருக்குள் இருந்ததால் சபை பிளேன்ரீயோடு சமாளித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த மனுசனுக்கு வயிறு எரியாதா?

கால் விறைத்ததும் இராசதுரை தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"முடிவு என்ன அண்ணை?"

"கடிகாரத்தை மாத்தினதை இராகுவும் ஏற்றுக்கொண்டவரோ எண்டு விவாதம் போகுது. கதவைச் சாத்தும் தம்பி, குளிர் வருது."

காருக்குள்ளிருந்து நாகமணி கத்தினாள். "இஞ்சாருங்கோ, எனக்கு அவசரமாப் பாத்ரூம் போகவேணும்!"

அப்போதுதான் இராசதுரைக்கு மூளை வேலை செய்தது.

"அண்ணை, என்னையும் சபையிலை சேருங்கோ!"

பிரேரிக்கப்பட்டது, ஆமோதிக்கப்பட்டது, ஏகமனதாக நிறைவேறியது. புது உறுப்பினர் கம்பீரமாக உள்ளே நுழைந்தார். அப்பாடா, என்ன சூடு! சோபாவில் சாய்ந்தார். யாரோ கையில் கோப்பையைத் தந்தார்கள். இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

நாகமணி பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்து, வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

இராசதுரை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

"இஞ்சாரும், உதென்ன உள்ளுக்கை வாறீர்? நாங்கள் இன்னும் முடிவெடுக்கேல்லை."