கர்ணன் வெளிநாட்டவர் ஆன விவரம்

எங்கள் ஊரில் பன்னீர்த் திராட்சை போடும் கர்ணன், கருங்கடல் ஓரத்து நாடு ஒன்றில் ஏழாவது மாடியில் வீடு வாங்குவது என்று போன தை மாதம் தீர்மானித்தார். அந்த நாட்டின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அது ஒரு தடையாக அவருக்குப் படவும் இல்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் கௌரவம் என்றால் போர்வெல். அப்புறம் பெரிய கார். அதற்கப்புறம் மூணாறு போகிற வழியில் ஏதாவது ஒரு விடுதியில் பங்கு. இப்போது வெளிநாட்டில் வீடு. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கர்ணனிடம், “உங்களுக்கு எந்த நாட்டுல?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். இன்னும் பார்க்கவில்லை என்று இவர் சொன்னதும், அவர் பரிதாபப்பட்டு இவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னாராம். அந்தப் பாயசம் கர்ணனுக்குச் செரிக்கவே இல்லை.

தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஸ்டான்லி அப்போது வெளிநாட்டு வீட்டு ஆலோசகராகியிருந்தார். ஓட்டல் மாடி ஒன்றில் கூட்டம் போட்டார். திரையில் கடல் வந்தது, கடலைப் பார்த்த பால்கனி வந்தது, பால்கனியில் ஒரு வெள்ளைக்கார நாய் படுத்திருந்தது. வெளிநாட்டவர் வீடு வாங்க அந்த நாட்டில் தடையில்லை, வெளிநாட்டவருக்கென்றே அங்குள்ள வங்கி தனிக்கடன் தருகிறது, வீட்டை வாடகைக்கு விட்டால் கடன் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் என்று ஸ்டான்லி விளக்கினார். தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும் கடனை எங்கள் பக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் கைதட்டினோம். பிரியாணியும் நன்றாக இருந்தது.

கர்ணனின் மனைவி முனீஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அங்கன போயி நம்ம இருக்கப் போறமா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு?”

“இருக்குன்னு இருக்கும்ல.”

முனீஸ்வரி தோட்டத்துக்குப் போய்விட்டாள். கவாத்து முடிந்து கொடி துளிர்க்கிற நேரம், அவளுக்கு வேலை இருந்தது.

கர்ணன் அட்வான்ஸ் அனுப்பினார். கொஞ்ச நாளில் அந்த நாட்டு வங்கியிலிருந்து பதில் வந்தது. பாஸ்போர்ட், வருமானக் கணக்கு எல்லாம் திருப்தி. கடன் கேட்பவர் வெளிநாட்டவர்தான் என்று அவர் வசிக்கும் ஊர் அதிகாரி தரும் சான்று மட்டும் பாக்கி. இது சின்ன விஷயம், தாலுகா ஆபீஸில் வாங்கிவிடலாம் என்றார் ஸ்டான்லி.

தாலுகா ஆபீஸ் கர்ணனுக்குப் புதிதல்ல. பட்டாவில் அவர் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு. அதைத் திருத்துவதற்காக வருஷக்கணக்கில் அங்கே நின்றுகொண்டிருந்தார். கிளார்க் உமாதேவி விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு, நீங்க வெளிநாட்டுக்காரரா என்று கேட்டார்.

“அங்கன வெளிநாட்டுக்காரன் மேடம். இங்கன உள்ளூர்தான்.”

“அங்கன வெளிநாட்டுக்காரர்னா அங்கனதான வாங்கணும்?”

“அங்கன கேட்டா இங்கன வாங்கச் சொல்றாக.”

உமாதேவி கம்ப்யூட்டரில் தேடினார். இப்படி ஒரு சான்றுக்குத் தலைப்பே இல்லை. தலைப்பு இல்லாததால் வழங்க முடியாது. நிராகரிக்கவும் முடியாது, ஏனென்றால் நிராகரிப்பதற்கும் தலைப்பு வேண்டும். ஆகவே விண்ணப்பம் தாசில்தார் சீனிச்சாமியின் மேசைக்குப் போனது.

சீனிச்சாமி நிதானமானவர். எதையும் ஆதாரம் இல்லாமல் செய்யமாட்டார். ஒருவர் தம்மை வெளிநாட்டவர் என்று தாமே எழுதிக் கொடுக்கிறார், மறுப்பதற்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார். தேடிப் பார்த்தார்கள். பிறப்புச் சான்று, கர்ணன் பிறந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னது. ரேஷன் கார்டு, அவர் அரிசி வாங்குகிறார் என்றது. ஆதார் அட்டை, தான் குடியுரிமைக்கு ஆதாரம் அல்ல என்று தானே ஒப்புக்கொண்டது. பாஸ்போர்ட், அவருக்கு வெளிநாட்டுச் சகவாசம் உண்டு என்றது. கர்ணன் உள்நாட்டவர் என்பதற்கு அந்த ஆபீஸில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

“மேற்படி கர்ணன் என்பார் வெளிநாட்டவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது” என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ‘அந்த நாட்டில்’ என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லிக் கர்ணன் கெஞ்சிப் பார்த்தார். கட்டத்தில் இடம் இல்லை.

முத்திரையின் ஈரம் காய்வதற்குள் உமாதேவி எழுந்து நின்றார். நாற்காலி வந்தது. டீ வந்தது. வெளிநாட்டவரைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை இருந்ததாம். பட்டா சமாசாரத்தையும் கர்ணன் மெதுவாக எடுத்தார். வருஷக்கணக்கில் நகராத எழுத்து அன்று மதியமே திருந்தியது. “வெளிநாட்டுக்காரர் நம்ம நாட்டைப் பத்தி என்ன நெனப்பாக?” என்று உமாதேவி மற்ற கிளார்க்குகளை விரட்டியதைக் கர்ணனே காதால் கேட்டார்.

அன்று அவர் சிரித்த முகமாக வீடு திரும்பினார். அடுத்த வாரம் உமாதேவி தோட்டத்துக்கே வந்தார். மிகவும் மரியாதையாக வணக்கம் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்தார். வெளிநாட்டவர் இந்தியாவில் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது. ஆகையால் மேற்படி தோட்டத்தை ஏன் அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கம் தர வேண்டும்.

கர்ணன் பந்தலுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேல் காய் கறுக்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பந்தல் கல் ஒவ்வொன்றும் அவரும் முனீஸ்வரியும் சேர்ந்து நட்டது. ஏழாவது மாடி அவருக்கு அப்போதுதான் மறந்துபோனது.

அது மறந்ததும் நல்லதுதான். மறுநாளே ஸ்டான்லி போன் செய்து வங்கியின் முடிவைச் சொன்னார். சான்றின்படி கர்ணன் இந்தியாவில் வெளிநாட்டவர். அப்படியானால் அவர் தங்கள் நாட்டவராக இருக்கவும் வாய்ப்பு உண்டு. தங்கள் நாட்டவருக்கு அந்த வெளிநாட்டவர் கடன் கிடையாது. அட்வான்ஸ் திரும்ப வராது என்பதையும் ஸ்டான்லி வருத்தத்தோடு தெரிவித்தார்.

கர்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு தாசில்தாரிடம் ஓடினார். நான் அவருக்குப் பக்கத்துத் தோட்டக்காரன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர். இவர் இந்த ஊர்க்காரர்தான் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சீனிச்சாமி எங்களை அன்பாகவே வரவேற்றார். உள்நாட்டவர் சான்று தாராளமாகத் தரலாம், இரண்டு உள்நாட்டவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நான் பேனாவை எடுத்தேன்.

“நீங்க உள்நாட்டவரா?”

“ஆமாங்கய்யா.”

“சான்று இருக்கா?”

இல்லை. அந்தச் சான்றை நான் வாங்க எனக்கு இரண்டு சாட்சி வேண்டும். அந்த இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பேர். ஊரில் எல்லோரையும் யோசித்துப் பார்த்தோம். யாரிடமும் இல்லை. அப்படியானால் முதல் சான்றை யார்தான் வாங்குவது என்று கர்ணன் கேட்டார். அந்தக் கேள்வி இதுவரை எழவில்லை என்றார் தாசில்தார்.

காரியத்தை முடித்தது முனீஸ்வரிதான். புருஷன் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துவிட்டு, தானே ஆபீஸுக்கு வந்தாள். தோட்டத்தைத் தன் பெயருக்கு எழுதிவைக்க முடியுமா என்று கேட்டாள்.

“நீங்க உள்நாட்டவர்தானா?” என்றார் தாசில்தார்.

“நான் எந்தச் சான்றும் கேட்டு வரலய்யா.”

சீனிச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கேட்டால் நிரூபிக்க வேண்டும். கேட்காதவரை உள்நாட்டவர் என்றுதான் கொள்ள வேண்டும். விதி தெளிவாக இருந்தது. தோட்டம் முனீஸ்வரி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் ஆனது. அந்தப் போகம் நல்ல விளைச்சல். விற்ற காசை அவளே வாங்கி அவளே வைத்துக்கொண்டாள். காலையில் கர்ணன் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் நுழைந்தால், “விசா இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறாள்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊர் ஒன்றைக் கவனித்துவிட்டது. கர்ணன் ஆபீஸுக்குப் போனால் நாற்காலி கிடைக்கிறது. மற்றவர்களுக்கு இல்லை. உள்நாட்டவர் ஆக இரண்டு சாட்சி வேண்டும், வெளிநாட்டவர் ஆக ஒரு சாட்சியும் வேண்டாம். ஒவ்வொருவராக நிலத்தை மனைவி பெயருக்கு எழுதிவைத்துவிட்டு விண்ணப்பம் போட்டார்கள். நானும் போட்டேன். எங்கள் தோட்டத்து மின் இணைப்புக்கான சான்று அரை நாளில் வந்தது. ஸ்டான்லியும் தொழிலை மாற்றிக்கொண்டார். வெளிநாட்டவர் இந்தியாவில் வீடு வைத்திருப்பது எப்படி என்று இப்போது எங்களுக்கே கூட்டம் போடுகிறார். அதற்கும் கைதட்டினோம்.

போன மாதம் நாங்கள் பதினைந்து இருபது வெளிநாட்டவர் ஆபீஸில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தாசில்தார் சீனிச்சாமி எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அவருடைய சொந்த ஊரில் ஒரு வீட்டுமனைப் பட்டா. அந்த ஊர் ஆபீஸில் போய் நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சமாம். தமக்கும் ஒரு வெளிநாட்டவர் சான்று வேண்டும் என்று உமாதேவியிடம் விண்ணப்பத்தை நீட்டினார்.

“கையெழுத்துப் போட வேண்டியது நீங்கதான சார்? வெளிநாட்டுக்காரர் தாசில்தாரா இருந்து கையெழுத்துப் போட முடியுமா?”

“போட்டப்பெறகுதான நான் வெளிநாட்டுக்காரன்” என்று சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

உமாதேவி அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு டீ கொண்டுவந்து வைத்தார். அன்றோடு அந்த மேசையில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. சீனிச்சாமி எங்களோடு உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்தார். மதியம்வரை உள்ளே ஒருவரும் அழைக்கவில்லை. கடைசியில் அவர் கர்ணன் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில், “இந்த நாட்டு ஆபீஸ்ல ஒரு வேலையும் நடக்க மாட்டேங்குதுங்க” என்றார். வெளிநாட்டவர் அத்தனை பேரும் ஆமாம் என்றோம்.