வெந்தண்ணையின் ஆவி வீடு

டென்மார்க்கில் இக்காஸ்ட் பக்கம் அந்த நாளில் இருந்த தமிழர்களில், உயிரோடு இருக்கும்போதே ஆவியாகத் திரிந்த ஒரே மனிதர் வெந்தண்ணைதான். ஆளைத் தேடிப் போனால் முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு ஒரு இருமல் வரும், கடைசியில்தான் அண்ணை வருவார்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மனைவியும் சின்ன மகளும் யாழ்ப்பாணத்தில். இவர் இங்கே. அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. நம்மவர்களின் குடும்பக் கோப்புகள் அசையாமல் கிடந்த காலம் அது. ஏன் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் அண்ணை குடிவரவு அலுவலகக் கந்தோருக்குப் போவார். அங்கே இருக்கிற பெண் ஒரே ஒரு சொல் சொல்லுவாள்: ‘வெந்தெ.’ டேனிஷில் ‘காத்திரு’ என்று அர்த்தம். முதல் நாள் அண்ணை எங்கள் அறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார்.

“டேய், அவள் வெந்தெ எண்டு சொல்லுறாள். ஆர் வெந்தது?”

“நீங்கள்தான் அண்ணை. இப்ப அரைவேக்காடு. அடுத்த கிழமை முழுசா வெந்திடுவியள்.”

அன்றிலிருந்து அவர் வெந்தண்ணை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். தமிழுக்கு நான் செய்த ஒரே தொண்டு இந்தப் பெயர்தான்.

எங்கள் இருவருக்கும் வேலை தந்தவர் நீல்ஸ். ஊருக்கு வெளியே சின்னப் பண்ணை, கலியாணம் கட்டாத தனி ஆள். வசந்தத்தில் விற்கிற பூக்கன்று, முட்டைக்கோவாக்கன்று எல்லாவற்றையும் அதுவரை குசினி யன்னல் ஓரத்தில்தான் முளைக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஆசை பெருத்து, மூடிப்போன ஒரு தோட்டத்திலிருந்து பழைய கண்ணாடி வீடு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் துண்டு துண்டாகப் பொருத்திப் பூட்டினோம். நான் பூட்டியது கதவு. தள்ளினால் திறக்க வேண்டியது, இழுத்தால்தான் திறந்தது.

வெளியே மாசி மாதப் பனிப்புகார், உள்ளே எண்ணெய் அடுப்பு. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து பால் மாதிரி இருக்கும். பகல் பதினொரு மணிக்கும் விடிந்துவிட்டதா என்று அடித்துச் சொல்ல முடியாது. உள்ளே நின்றால் வெளி உலகம் இல்லை. வெளியே நின்றால் உள்ளே ஒரு நிழல் மட்டும் குனிந்து நிமிரும். முகம் வைத்த மாதிரிப் பூக்கிற ஒரு ஜாதிப் பூக்கன்று அங்கே இருந்தது. நூறு முகம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை அவற்றோடு மெதுவாகக் கதைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு காலை, அண்ணை எண்ணெய் எடுக்கப் போன நேரம், நான் பூச்சட்டிகளோடு உள்ளே போனேன். கண்ணாடியில், உள்பக்கம், என் இடுப்பு உயரத்தில் ஒரு கை. சின்னஞ்சிறு கை. ஐந்து விரலும் தெளிவாக. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் குழந்தை என்று ஒன்று கிடையாது. சட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் தள்ளினேன், தள்ளினேன், தள்ளினேன். பூட்டியவன் நான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வெளியே இருந்து அண்ணை திறந்ததும் அவர்மேலேயே விழுந்தேன்.

“அண்ணை! உள்ளுக்கு ஒரு பிள்ளையின்ர கை!”

“ஓம்.”

“என்ன ஓம்?”

“காலமை வந்தவள். நீ கத்திப் பயப்பிடுத்தாதை.”

சொல்லிவிட்டு, சாவகாசமாக அடுப்புக்கு எண்ணெய் ஊற்றப் போனார். என் கழுத்தில் ஒரு அந்தோனியார் பதக்கம் இருந்தது. மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்தப் பயத்திலும் ஒரு நன்மை நடந்தது. கதவடியில் ஒரு செங்கல்லின்மேல் தினமும் பாற்கஞ்சி ஒரு கிண்ணம் இருக்கத் தொடங்கியது, நடுவில் வெண்ணெய்க் கட்டியோடு. நீல்ஸுக்குக் கடைசியில் எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, தினமும் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டேன். நான் கொழுக்கக் கொழுக்க, வெறும் கிண்ணத்தைப் பார்த்து நீல்ஸ் வெளிறிக்கொண்டே போனார். அவரும் அந்தக் கையைப் பார்த்திருக்கிறார்! டென்மார்க் பண்ணைகளில் நிஸ்ஸ என்று ஒரு குட்டிப் பூதம் உண்டாம். கஞ்சி வைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு மாட்டை அவிழ்த்து விடுமாம். ஒரு வசந்தம் முழுக்க அந்தப் பூதத்தின் பங்கை விழுங்கியவன் நான்.

அடுத்த மாசி வந்தது. கோப்பு அசையவில்லை. கையும் திரும்பி வந்தது. ஆனால் பேய் வளர்ந்திருந்தது. விரல்கள் நீண்டிருந்தன. செத்தவர்கள் வளர்வதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இப்படியே போனால் அடுத்த வருடம் அது கதவைத் திறக்கப் பழகிவிடும், எனக்கே வராத வேலை.

அந்த வசந்தத்தில்தான் நீல்ஸ் அளவுகோலோடு வந்தார். போன வருடம் ஒரு மேடையில் நின்ற அத்தனை கன்றும் இந்த வருடம் அதே மேடையில் நிற்கவில்லை. இடைவெளி கூடியிருக்கிறது. வாழ்நாளில் முதல் தடவையாக மனிதர் சத்தம் போட்டார். அண்ணையின் முகம் சாம்பலாகிவிட்டது. வேலை போனால், வேலை இல்லாதவனுக்குக் குடும்பம் எதற்கு என்று கந்தோரில் கேட்டுவிடுவார்கள் என்பது அவருடைய பயம்.

மெல்ல உள்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். அதற்குள் கை மாதிரி வெட்டிய இரண்டு அட்டைகள். ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. மகளின் பிறந்தநாள் தோறும் மனைவி பிள்ளையின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிவரக் கீறி அனுப்புவாளாம். அதை அண்ணை அட்டையில் வெட்டி, காலையில் கண்ணாடி ஆவியில் ஒரு தடவை ஒற்றிவிட்டுத்தான் வேலை தொடங்குவாராம். பிறகு அதே அட்டையை வைத்துத்தான் கன்றுக்கும் கன்றுக்கும் இடைவெளி அளப்பாராம்.

“போன வருசம் இந்தக் கை. இந்த வருசம் இது,” என்று என்னிடம் சொன்னார். “வர விடுறாங்களில்லை. இவள் பாட்டுக்கு வளருறாள். நான் என்ன செய்ய? இடம் விட்டு விட்டு நடுறன்.”

நீல்ஸ் என்னைப் பார்த்தார், மொழிபெயர்க்கச் சொல்லி. என்னிடம் இருந்த டேனிஷ் மூன்று சொல். “பிள்ளை. கை. வெந்தெ.”

நீல்ஸ் சின்ன அட்டையை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு திடீரென்று செங்கல்லைப் பார்த்தார்.

“அப்போ கஞ்சியைக் குடித்தது யார்?”

நான் கூரையில் எத்தனை கண்ணாடி என்று எண்ணத் தொடங்கினேன்.

அளவுகோலை அவர் திருப்பி எடுத்துப் போகவில்லை. “வீட்டை நீட்டுவோம்,” என்றார். அந்தக் கோடையிலேயே இன்னும் ஆறு மீற்றர் நீட்டினோம். அந்தப் பக்கத்துக் கதவை என்னைப் பூட்ட விடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மார்கழியில், புதிய பக்கத்துக் கதவோரக் கண்ணாடியில், மூன்றாவது கை ஒன்றைக் கண்டேன். இரண்டு அட்டையையும் விடப் பெரியது. உள்ளங்கை ரேகை தெரிந்தது. அட்டைக்கு ஏது ரேகை? ஐந்தாம் வகுப்பு என்றாலும் எனக்கு மூன்று வரை எண்ண வரும்.

ஊரில் சண்டை. கடிதம் வந்து மூன்று மாதம். பிள்ளை உயிரோடு இருந்தால் அவளுடைய கை இங்கே எப்படி வரும் என்று நினைத்ததும் என் வாய் கட்டிப்போனது. துடைக்கவும் பயம், சொல்லவும் பயம்.

“என்னடா, பகிடி சிரிப்பைக் காணேல்லை? வாய்க்குள்ள என்ன?” என்று அண்ணை இரண்டு நாள் கேட்டார். “கஞ்சி,” என்றேன்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை கந்தோரில் அந்தப் பெண் வேறு ஒரு சொல் சொன்னாளாம். நம்மவர்களின் கோப்புகளை ஏன் முடக்கி வைத்தீர்கள் என்று பேப்பர்களில் பெரிய சத்தம் கிளம்பி, கோப்புகள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கியிருந்தன. மாசியில், நல்ல புகார் நாளில், தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். அடுத்த நாளே அண்ணை அவர்களைப் பண்ணைக்குக் கூட்டி வந்தார். பிள்ளைக்குத் தகப்பனின் முகம் மறந்துபோயிருந்தது. தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டாள்:

“அம்மா, ஆவிக்குள்ள நிக்கிற மாமா ஆர்?”

எவரும் பதில் சொல்ல முன்னர், அவள் நேராகப் போனாள். அத்தனை கண்ணாடி இருக்க, அந்தக் கதவோரக் கண்ணாடிக்கு. ஆவியில் அந்த மூன்றாவது கை மறுபடியும் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் தன் கையை வைத்தாள். விரல் நுனிவரை சரியாகப் பொருந்தியது. என் இரண்டு அந்தோனியாரும் நடுங்கியதை நான் உணர்ந்தேன்.

அண்ணை ஓடி வந்தார். அட்டையும் இல்லை, பென்சிலும் இல்லை. “எடாதை குஞ்சு, எடாதை,” என்றார். “கொஞ்சம் வெந்தெ.”

தன் கையை விரித்து, அவள் கைக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு கன்று நடுகிற இடம் விட்டு வைத்தார். அவள் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் கையை நகர்த்தி அந்த இடத்தை மூடினாள்.

அண்ணை குடும்பத்தோடு கிரின்ஸ்டெட் பக்கம் போய்ப் பல வருடமாகிவிட்டது. குளிர்காலத்தில் எங்கள் குசினிக் கண்ணாடியில் ஆவி படிந்தால், துடையுங்கோ என்று மனைவி துணியை நீட்டுவாள். ஆவிக்குள் யாராவது இருமுகிறார்களா என்று காது கொடுத்துவிட்டு நான் சொல்லுவேன்:

“கொஞ்சம் வெந்தெ.”