விமானத்துக்கு விசில் ஊதிய கண்டக்டர்

அன்றைக்குக் காரிமங்கலத்தில் என் தையல் கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி சுமதி, கிலோமீட்டர் அண்ணன். கொக்கி வைக்காத ரவிக்கைகள் பதினாறு தொங்கின. அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பூமியில் எந்த இரண்டு ஊருக்கு நடுவே தூரம் இருந்தாலும், அது கிலோமீட்டர் அண்ணனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தனியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். கல்யாணத்தில் அட்சதை போடும்போதே பெண்ணிடம், "உங்க வூட்டுக்கும் மாப்ள வூட்டுக்கும் பதினெட்டரை கிலோமீட்டரும்மா. கோச்சிக்கிட்டுப் போனா அஞ்சு இருபது வண்டியில மட்டும் ஏறாத. அது சுத்திப் போவும், கோவம் ஆறிப்போயிரும்" என்பார். நேரத்தில் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டு நிமிஷம் தாமதமாக வண்டியை எடுத்த டிரைவரோடு இரண்டு வருஷம் பேசாமல், விசிலிலேயே காலம் தள்ளியவர்.

நான் எட்டாவதோடு நின்றவன். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. எங்கள் மகள் கௌசல்யா நர்ஸ் வேலைக்கு ஏதோ ஒரு குட்டித் தீவுக்குக் கிளம்பினாள். பெரிய விமானம் ஒரு தீவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வேலை கிடைத்த தீவுக்குப் பதினைந்து பேர் ஏறுகிற சின்ன விமானம்.

"அப்பா, ஏறிட்டேன். நாப்பத்தாறு கிலோமீட்டர், இருபது நிமிஷந்தான். எறங்கினதும் கூப்பிடறேன்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள்.

கீழே முழுக்கக் கடல். எனக்கு ஊசியில் நூல் நுழையவில்லை.

"நாப்பத்தாறா? தர்மபுரியிலருந்து ஒகேனக்கல் போற தூரங்க டைலரே! இதுக்கா நடுங்கறீங்க?" அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஊதினார். "போலாம் ரைட்!"

அண்ணன் வழியில் உள்ள ஊர்களைக் கூவ ஆரம்பித்தார். இண்டூர் வந்தது. பென்னாகரம் வந்தது. இருபது நிமிஷமும் முடிந்தது. சுமதி நெஞ்சோடு அழுத்தி வைத்திருந்த போன் மட்டும் அடிக்கவில்லை.

"ஏங்க, பாப்பா இன்னும் கூப்பிடலியே?"

"பென்னாகரத்துல நிக்குதும்மா" என்றார் அண்ணன். "ஒருத்தன் சைக்கிள மேல ஏத்தறான்."

"பிளேன்லயாண்ணா?" என்றேன்.

"குறுக்க பேசாதீங்க டைலரே, கட்டி முடிக்கட்டும்."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. "ஆட்டுமந்தை ரோட்டுக்கு வந்திருச்சு."

"நடுக்கடல்லயா?"

"நீச்சல் தெரிஞ்ச ஆடுங்க!"

சுமதி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். நான் மணி பார்க்க அவர் கையைப் பார்த்தேன். கடிகாரம் இல்லை, வெயில் படாத வெளுத்த தடம் மட்டும் இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டிருக்கிறார். விசிலைச் சட்டை நுனியால் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. "அப்பா, எறங்கிட்டேன்ப்பா! மழைன்னு மேலயே சுத்திக்கிட்டு இருந்தாங்க. கடல் அவ்ளோ அழகுப்பா!"

"ஒகேனக்கல் எறங்கு! கடைசி ஸ்டாப்!" அண்ணன் ஊதிய ஊதலில் எதிர்க்கடை வாசலில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது. பதினாறு ரவிக்கைக்கு நடுவே நாங்கள் மூவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

மூச்சு திரும்பியதும் கேட்டேன். "எத்தினி நிமிஷம் லேட்டுண்ணா?"

"லேட்டா? கரெக்ட் டைமுங்க."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே தப்பான நேரம் அது.