இருபதில் கேட்டு முப்பதில் மறையும் சத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும், எல்லாருக்கும் மேலாகப் பேத்தியும், சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் என் மகள் "அப்பா, சுருக்கமா" என்பாள். இது சுருக்கத்துக்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

போன தடவை வந்திருந்தபோது என் வண்டியில் கடைத்தெரு வரை போய்விட்டு வந்து, "மாமா, சக்கரத்துல ஏதோ டொக் டொக்னு சத்தம் வருது. பேரிங்கா இருக்கலாம். என்னன்னு தெரியற வரைக்கும் பாப்பாவை இதுல ஏத்த வேண்டாமே" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாப்பிடாமல் எழுந்தது வயிறு சரியில்லாததால்தான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரயிலை விட்டு இறங்கும்போது, என் வண்டி வாசலில் சும்மா நிற்க, என் பேத்தி வாடகைக் காரில் வீட்டுக்கு வருவதா? முப்பத்தொரு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராகக் கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்தவனுக்கு ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்று இறங்கிவிட்டேன்.

முதலில் வண்டிக்குள் ஆடக்கூடியது அத்தனையையும் வெளியே எடுத்தேன். இரண்டு குடை, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, காணாமல் போனதாக நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட டார்ச் லைட். உங்கள் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வண்டியைச் சுத்தம் பண்ணுங்கன்னு ரெண்டு வருஷமா நான் சொன்னப்ப காதுல ஏறல, மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதும் ஏறிடுச்சா?" என்றாள். சத்தம் மட்டும் போகவில்லை. அடுத்து முறைப்படி ஒரு சோதனை. சக்கரத்துக்கு ஒரு ஆள். முன்னால் இடது பக்கம் உங்கள் அத்தை, பின்னால் இடது பக்கம் என் தம்பி, வலது பக்கம் மாடி வீட்டுப் பல் டாக்டர், மிச்சமிருந்த சக்கரத்துக்கு நான். தெருவை நாலு சுற்று சுற்றி வந்து நிறுத்திக் கேட்டால், தம்பி தன் காலுக்குக் கீழேதான் என்கிறான், டாக்டர் தன் பக்கம்தான் என்று சத்தியம் செய்கிறார், அதுவும் சும்மா இல்லாமல் "உள்ள சொத்தை இருக்கும் சார், திறந்து பாத்துடணும்" என்கிறார். உங்கள் அத்தை மட்டும், "சத்தமெல்லாம் ஓட்டுறவர் பக்கத்துலேர்ந்துதான் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைச் சாட்சியமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, ஆனது ஆகட்டும் என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என்ன மாதிரி சத்தம் என்று கேட்டார். வாயால் செய்து காட்டினேன். புரியவில்லை என்றார். குனிந்து, கையைச் சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே, மெதுவாகப் போகும்போது எப்படி, திரும்பும்போது எப்படி என்று தனித்தனியாகச் செய்தேன். பட்டறையில் இருந்த நாலு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். "வண்டியைவிட நீங்க நல்லா பண்றீங்க சார்" என்றார் மெக்கானிக். அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பறந்தார் பாருங்கள், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது, ஆனால் சத்தம் மூச்சுக்கூட விடவில்லை! திரும்பி வந்து, "சத்தமே இல்லாம எதைக் கழட்டறது? நீங்க எவ்வளவுல ஓட்டுவீங்க?" என்றார். இருபது என்றேன். "அப்ப முப்பதுல போங்க, சரியாயிடும்" என்கிறார்! காய்ச்சல்காரனிடம் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடு என்கிற மாதிரி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விடவில்லை. அவரைப் பக்கத்தில் ஏற்றி நானே இருபதில் ஓட்டினேன். டொக், டொக், டொக். மனுஷன் முகம் மாறிவிட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று இறங்கி, என் கதவுக்குக் கீழே இருந்த சக்கரத்தின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். உள்ளேயிருந்து ஒரு நட்டு விழுந்து உருண்டு என் செருப்பில் வந்து முட்டியது. மெதுவாகப் போனால் மூடிக்குள் உருண்டு தட்டுமாம், வேகம் எடுத்தால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பேசாமல் இருக்குமாம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நாலு நட்டில் ஒன்று அது. அதை மாட்டி முறுக்கினார். பேரிங்கில் ஒரு குறையும் இல்லை.

யார் வேலை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு மாதம் முன்னால் அந்தச் சக்கரம் பஞ்சரானது. நேரே பஞ்சர் கடைக்குப் போய், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, "குழந்தை ஏறப்போற வண்டிய்யா இது! மனசாட்சி வேண்டாம்?" என்று கேட்டேன். பாவி மனுஷன், "உங்க வண்டிக்கு நான் சக்கரம் மாட்டினதா ஞாபகமே இல்லையே சார்" என்று கண்ணைத் துடைக்காத குறையாக நின்றான். தப்பு செய்தவனுக்கு ஞாபகம் இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே மாப்பிள்ளை, குறை தீர்ந்தது. இனி உங்களுக்கு ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஞாயிறு காலை ரயிலடியில் நானே வண்டியோடு நிற்பேன்.

மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் என் கணக்கில் கொடுக்கவும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "சக்கரத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போய் ஒட்டிட்டு வந்து, வாசல்ல உக்காந்து மாட்டினது நீங்கதானே? நட்டையெல்லாம் அந்த மூடியிலதானே போட்டு வெச்சிருந்தீங்க? எல்லாத்தையும் மாட்டியாச்சான்னு கேட்டதுக்கு உனக்கென்ன தெரியும்னு விழுந்தீங்களே" என்றாள். யோசித்தேன். ஆமாம். நாலுக்கு மூன்று. ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ போட்ட கடைக்காரனை நான் சும்மா விட்டதில்லை. இரண்டு மாதம் அந்தச் சக்கரத்தோடுதான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

பஞ்சர் கடைக்குப் போய், அதே கடைக்காரர்கள் முன்னால், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "விடுங்க சார், பாப்பா வருதுல்ல" என்று அவர் நாலு சக்கரத்து நட்டுகளையும் மறுபடி முறுக்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை ரயிலடிக்கு மெக்கானிக் கொண்டுவருவார். வீட்டுக்கு நீங்கள் ஓட்டுங்கள், எந்த வேகத்தில் வேண்டுமானாலும். உங்களுக்குச் சம்மதமானால் நான் பின்னால் பேத்தியோடு உட்கார்ந்துகொள்கிறேன். சம்மதமில்லை என்றால் பஸ்ஸில் வருகிறேன்.