பன்றித் தடத்துக்குக் காவல் நின்றேன்

வாய் சும்மா இருக்கிற ஆட்களுக்குக் கை கால் சும்மா இருக்காது. நான் அந்த ரகம். கல்யாண வீட்டில் என்னை ஓர் ஓரமாக உட்கார வைத்தால், எழுந்திருக்கும்போது பாயில் பாதிக் கோரை பிரிந்திருக்கும். புது ஆள் யாராவது பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவளை ஓர் அதிகாரி வரும்வரை தனியாகக் காவல் நிறுத்தியது என் வீட்டுக்காரர் தப்புதான் என்று இன்றைக்கும் சொல்கிறேன். வீட்டில் ஒருத்தரும் ஒப்புக்கொள்வதில்லை.

நடந்தது நாலைந்து வருஷத்துக்கு முன்னால். உப்பளத்துக்கு மேற்கே எங்கள் அம்மா எனக்குக் கொடுத்த முக்கால் காணி நிலம் இருக்கிறது. அதில் மல்லாட்டை போட்டிருந்தோம் (வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). செக்கில் ஆட்டினால் வருஷத்துக்கும் எங்கள் வீட்டு எண்ணெய் அதுதான். பிடுங்க இன்னும் இருபது நாள் இருக்கும்போது காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. ஒரு தாய், பின்னாலேயே குட்டிகள். ஏர் ஓட்டினமாதிரி வரிசையாகக் கிளறிவிட்டுப் போயிருந்தன.

ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சலூனில் முடி வாங்கிவந்து வரப்பில் தூவச் சொன்னார்கள், தூவினோம். கலர் புடவை கட்டினால் மிரளும் என்றார்கள். என் புடவைகளில் ஆறை எடுத்து நிலத்தைச் சுற்றிலும் கட்டினோம். அதில் ஒன்றைப் பன்றியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. (நல்ல புடவை. பார்டர் வைத்தது.) ஒருத்தர் கரண்டு வேலி போடச் சொன்னார், இன்னொருத்தர் வெடி வைக்கச் சொன்னார். மனு எழுதிக் கொடுத்த என் மகள் கலை, அதெல்லாம் செய்தால் பன்றி வெளியே இருக்கும், அப்பா உள்ளே இருப்பார் என்று சொல்லிவிட்டாள்.

வனத்துறைக்கு மனுக் கொடுத்த பிறகுதான் பன்றி விஷயத்தில் எத்தனை சட்டம் இருக்கிறது என்று தெரிந்தது. நாமே சுடக் கூடாது. கண்ணி வைக்கக் கூடாது. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் நேரில் நிற்க வேண்டும் (பட்டா என் பேரில்). வந்து போனது பன்றிதான் என்று அவர்கள் கண்ணால் பார்த்து எழுதினால்தான் மேலே போகும். அனுமதி வந்தால் அவர்கள் ஆள்தான் வந்து சுடுவார். சுட்ட பிறகும் கறி எடுக்கக் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். அதுவரை எங்களுக்கு உதவியாகத் தினமும் வந்து விசாரித்த தெருக்காரர்கள், இந்தக் கடைசிச் சட்டம் தெரிந்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

முதல் தடவை வந்த வனவர் நல்ல மனுஷன். குனிந்து குனிந்து பார்த்தார். எங்களுடையது கடலோரத்து மணல். கால் வைத்து எடுத்தால் சரிந்து குழியாகிவிடும். நாய் கிளறியதா பன்றி கிளறியதா என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்றாள் கலை.

"போட்டோ வேணாம்மா. எந்த ஊரு பன்னியையோ எடுத்து அனுப்பிடறாங்க. தடம் நல்லா தெரியற மாதிரி இருந்தா போன் பண்ணுங்க, நான் வர்றேன்."

அவர் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் ஆயுசில் வந்த யோசனைகளில் அதுதான் பெரியது. உப்பளத்தில் பாத்தி போடுகிற களிமண்ணைக் கொண்டுவந்து, பன்றி இறங்கும் பக்கம் ஒரு கட்டில் அகலத்துக்குப் பரப்பி மிதித்துவிட்டால் என்ன? பாத்தித் தரையில் காக்கா நடந்தாலே நகம் பதியும். உப்பளத்தில் நாற்பது வருஷம் பாத்தி மிதித்த கால் என்னுடையது. என் வீட்டுக்காரர் டயர் வண்டியில் மண் கொண்டுவந்தார். நானும் பக்கத்து நிலத்துப் பச்சையம்மாவும் இரண்டு நாள் மிதித்தோம். கண்ணாடி மாதிரி ஆனது.

மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், அச்சு எடுத்த மாதிரி தடம். தாயின் குளம்பு இரண்டாகப் பிளந்து ஆழமாக, குட்டிகளுடையது ஓரத்தில் சின்னச் சின்னதாக. பச்சையம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கலை போன் செய்தாள். பதினோரு மணிக்கு வருகிறேன் என்றார் வனவர். கலைக்கு வேலைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். உப்பளத்து வழி ஒரே தடவை வந்தவருக்குப் பிடிபடாது என்று என் வீட்டுக்காரர் ரோட்டுக்கே போய் அவரை அழைத்துவரக் கிளம்பினார்.

"தா பாரு அஞ்சல. நீ ஒண்ணும் செய்ய வேணாம். ஆடு மாடு மிதிக்காம பாத்துக்கினு நில்லு, போதும். அவர் வந்தா, 'பன்னித் தடம் இங்க இருக்குதுங்க ஐயா, பாருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. பட்டா உன் பேர்ல இருக்குது. நாந்தான் பேசினேன்னா நல்லாயிருக்காது."

ஒரு வார்த்தை என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், ஆறு இருந்தது.

காவல் என்றால் அப்படி ஒரு காவல். இரண்டு ஆட்டை விரட்டினேன். குறுக்கே வரப் பார்த்த பச்சையம்மாவையே சுற்றிப் போகச் சொல்லிவிட்டேன். "இன்னாக்கா, கலெக்டர் ஆபீஸா இது?" என்று கேட்டுக்கொண்டே போனாள். வெயில் ஏறியது. களிமண் காய்ந்து ஒரு மூலையில் மெல்லிசாக வெடிப்பு விட ஆரம்பித்தது. பாத்தியில் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க உப்பளத்துக்காரியால் முடியாது. வெடிப்பு நீண்டு தடத்துக்குள் போனால் தடம் கெட்டுவிடுமே என்ற நல்ல எண்ணத்தில்தான் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தேன். தெளித்தால் குதிகாலால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். அழுத்தினேன். அந்த ஒரு மூலையில் மட்டும்தான்.

அதற்குள் பதினோரு மணி நெருங்கிவிட்டது. "பன்னித் தடம் இங்க இருக்குதுங்க ஐயா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஐயா முன்னாலா, பின்னாலா? மறுபடி சொன்னேன். பாதியில் நின்றது. மறுபடி. வாய் அந்த ஆறு வார்த்தையில் மாட்டிக்கொண்டு கிடக்க, கால் தனக்குத் தெரிந்த வேலையை எடுத்துக்கொண்டது. குதிகால், விரல், ஓர் அடி தள்ளி, குதிகால், விரல். சொல்லச் சொல்ல வாக்கியம் நன்றாக வந்தது. தங்கு தடை இல்லாமல் முழுசாகச் சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தினபோது, இரண்டு பேரும் வரப்பில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விஷயம் இன்னும் புரியவில்லை. முதல்முறையாக ஓர் அதிகாரி முகத்தைப் பார்த்துக் கணீரென்று சொன்னேன்.

"பன்னித் தடம் இங்க இருக்குதுங்க ஐயா, பாருங்க."

வனவர் உட்கார்ந்து பார்த்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒரே தடம்தாம்மா இருக்குது. அஞ்சு வெரலு இருக்குது. ரெண்டாவது வெரல்ல மெட்டி போட்டிருக்குது."

"அது என் சம்சாரங்க ஐயா," என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்போ சுட அனுமதி தர முடியாதுங்க."

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் ஆட்டினார். அதை நான் மறக்கவில்லை.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் என் தரை பிளக்காது, அவ்வளவு நன்றாக மிதித்திருந்தேன். வனவர் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த தடம் பதிந்தால் கூப்பிடுங்கள் என்றார். கிளம்பப் போனவர் தரையை விரலால் தட்டிப் பார்த்து, இது என்ன மண், எப்படி இப்படிப் போட்டீர்கள் என்று என்னிடம் கேட்டார். எங்கிருந்துதான் வந்ததோ, மண்ணை எங்கே எடுப்பது, எவ்வளவு மணல் கலப்பது, எத்தனை தடவை மிதிப்பது என்று அரை மணி நேரம் பேசினேன். என் வீட்டுக்காரர் என்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து சேர்த்து அவரிடம் நான் அவ்வளவு பேசியதில்லையாம்.

அடுத்த தடத்துக்குக் காத்திருந்தால் தடம்தான் மிஞ்சும் என்று அன்றைக்கு மத்தியானமே செடிகளைப் பிடுங்கிவிட்டோம். பாதிக்கு மேல் பிஞ்சு. செக்குக்குக் கொண்டுபோகவே முடியவில்லை. வேகவைத்தோம். பத்து நாள் எங்கள் வீட்டில் காலையும் அவித்த மல்லாட்டை, ராத்திரியும் அவித்த மல்லாட்டை. எண்ணெயை அந்த வருஷம் முழுக்கக் கடையில் வாங்கினோம். ஒவ்வொரு பாக்கெட்டைப் பிரிக்கும்போதும் கலை என் காலைப் பார்ப்பாள்.

அந்த வனவர் இப்போது பன்றி மனுக் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் உப்பளத்து மண் பரப்பச் சொல்கிறாராம். போன மாசம் கிளியனூர்ப் பக்கமிருந்து ஒருத்தர் வீடு தேடி வந்து, மண் மிதித்துக் கொடுக்க என்னை அனுப்ப முடியுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"தாராளமா கூட்டினு போங்க. ஆனா வேலை முடிஞ்ச கையோட பஸ் ஏத்தி அனுப்பிடணும். பன்னி வந்துட்டுப் போன பொறவு இவ அந்த ஊர்லயே இருக்கக் கூடாது."

"அந்த ஐயாவும் இதையேதாங்க சொல்லி அனுப்பினாரு," என்றார் வந்தவர்.